சினியோரா வீட்டு வழக்கம்

அந்தக் கூடத்தின் நடுவில் ஒரு சிங்கம் இருக்கிறது. சுவரில் அல்ல, தரையில். நீலமும் மஞ்சளுமாகக் கையால் தீட்டிச் சுட்ட ஓடுகளை ஒன்றோடொன்று பொருத்தி, சில நூறு வருடங்களுக்கு முன் யாரோ செய்து வைத்த சிங்கம். செய்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு சிங்கத்தையும் நேரில் கண்டிருக்கமாட்டார் என்று சத்தியம் பண்ணுவேன். பிடரி சரி, வால் சரி. முகம் மட்டும், சாப்பாடு பிந்திவிட்டதென்று முறைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஆம்பிளையின் முகம். நான் முதன்முதலாக அந்த வீட்டுக்கு வேலைக்குப் போன அன்று, என் மச்சாள் ஈரத்துணியை அந்த முகத்தில் வைத்தபடி, "இஞ்சை பார் பிள்ளை, உன்ர மனுசன்" என்றார். என் மனுசன் அவருடைய சொந்தத் தம்பி. குனிந்து பார்த்தேன். அச்சு அசல். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெரிய வெறுங்கூடத்தில் வயிறு நோகச் சிரித்தோம். சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் வீட்டுக்கார அம்மா, சினியோரா, உள்ளே வந்தார்.

வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார். பிறகு மச்சாளின் காலைப் பார்த்தார், அதுவும் என்னுடையதைப் போல வெறுங்கால். "இன்னொண்டா!" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு.

அவர் சொன்னது இத்தாலி மொழியில்தான். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு என் நினைவில் சினியோரா தமிழ்தான் கதைக்கிறார், அதுவும் எங்கள் தமிழ். அவர் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு ஏச்சு விழுந்திருக்கும்.

இத்தாலியின் தெற்கில், பலெர்மோ நகரில், கபோ சந்தைக்குப் பின்பக்கத் தெருவில் அந்த மாளிகை நிற்கிறது. மாளிகை என்றதும் ஊரில் இருக்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். வெளியிலே பார்த்தால் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். காரை உதிர்ந்த சுவர். பால்கனிகளுக்குக் கீழே கல்லில் செதுக்கிய பூத முகங்கள், அதில் ஒன்றுக்குப் உலக யுத்தத்தில் விழுந்த குண்டு மூக்கைக் கொண்டு போய்விட்டது. வாசலோடு ஒட்டிக்கொண்டு ஒருவர் காலையிலிருந்து சாளை மீன் விற்றுக் கத்துவார். ஆனால் அந்தப் பெரிய மரக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் குதிரை வண்டி திரும்பக்கூடிய கல் முற்றம், சிவப்புச் சலவைக்கல் படிக்கட்டு, மேலே அறைக்குள் அறை, அதற்குள் இன்னோர் அறை. சினியோரா அதில் ஒரு படுக்கையறையிலும் ஒரு சமையலறையிலும் மட்டும் வாழ்ந்தார். மற்றதெல்லாம் பூட்டு. முன்னொரு காலத்தில் வண்டிக்காரன் குடியிருந்த முற்றத்து அறைகளில் நாங்கள் இருந்தோம். மச்சாள், என் மனுசன், நான். வன்னியில் எங்கள் வீடு தரைமட்டமாகி, முகாமிலிருந்து வெளியே வந்து, கலியாணம் என்று இங்கே வந்து சேர்ந்தவள் நான். கூரையும் கதவும் உள்ள ஒரு இடத்தில் இரவு படுப்பது எனக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று யாருக்கும் விளங்கப்படுத்த ஏலாது.

மச்சாள் மன்னார்ப் பக்கம். கலியாணம் கட்டாதவர், கட்டாததற்காக ஒரு நாளும் வருத்தப்படாதவர். எனக்கு முன்னமே பல வருடம் அந்த வீட்டில் வேலை செய்தவர். ஊரில் மடு மாதா கோயிலுக்குள் போகும்போது எப்படிச் செருப்பை வெளியே விடுவாரோ, அப்படித்தான் அந்த மேல்மாடி வாசலிலும் விடுவார். வீட்டுக்குள் செருப்போடு நடப்பது அவருக்கு வாய்க்குள் செருப்போடு நடப்பது மாதிரி. சினியோராவுக்கோ, வெறுங்கால் என்றால் கேவலம், போதாக்குறைக்குக் காய்ச்சல் வருத்தமும் வரும். "குளிர் தரையிலை நிண்டா வயித்துக்குள்ளை குளிர் ஏறும், பிறகு என்னட்டை வந்து அழாதை" என்பார். ஒவ்வொரு நத்தாருக்கும் மச்சாளுக்கு ஒரு சோடி வீட்டுச் செருப்பு, ரிபன் கட்டி, பெட்டியில். மச்சாளும் கையை நெஞ்சில் வைத்து நன்றி சொல்லி வாங்குவார், வாங்கியதை ஊருக்கு அனுப்பிவிடுவார். மன்னாரில் ஒரு ஒழுங்கைச் சனம் முழுக்கச் சினியோராவின் செருப்போடுதான் நடந்திருக்கும். இந்தச் சண்டையில் இரண்டு பேரும் தோற்கவில்லை, இரண்டு பேரும் விடவுமில்லை.

சினியோரா காலையில் எழும்பிய உடனே காலில் குதி வைத்த சப்பாத்துப் போட்டுவிடுவார். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தாலும் போடுவார். முத்துத் தோடு, வாரிக் கட்டிய தலை, நிமிர்ந்த முதுகு. பிள்ளைகள் இல்லை. கணவர் போய்க் கனகாலம். மிலானோவில் தங்கையின் மகள் ஒருத்தி இருந்தாள், ஞாயிறுகளில் போன் எடுப்பாள். எனக்கு முதலில் சினியோராவைப் பிடிக்கவில்லை, ஏன் பொய் சொல்ல வேண்டும். பிறகு ஒருநாள் எனக்குக் காய்ச்சல் வந்து கீழே படுத்திருக்க, அந்த மனுசி தடியை ஊன்றிக்கொண்டு அத்தனை படியும் இறங்கி வந்து, கதவடியில் நின்றபடியே, "வெறுங்காலோடை திரிஞ்சியெல்லோ, நல்லா வேணும்" என்று ஏசிவிட்டு, ஒரு சட்டி சூப்பை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் என்ன ஏசினாலும் எனக்குக் கோபம் வந்ததேயில்லை.

சோலி கூரையில் தொடங்கியது. மாரி வந்தால் மேலே ஒழுகும். முதலில் ஓர் அறையில், பிறகு பக்கத்து அறையில். மச்சாளும் நானும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஒரு மழையோடு ஒரு சின்ன அறையின் கூரை அப்படியே, சித்திரத்தோடு, பூக்களோடு, கட்டிலின்மேல் வந்து விழுந்தது. நல்லகாலம், அந்தக் கட்டிலில் யாருமில்லை. அந்தக் கிழமையே மாளிகையை விடுதியாக்க வாங்குகிறோம் என்று இரண்டு பேர் கோட் போட்டுக்கொண்டு வந்து போனார்கள். மிலானோவிலிருந்து தங்கை மகளும், "பெரியம்மா, வித்துப்போட்டு என்னோடை வாங்கோ" என்றாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள். சினியோரா போனை வைத்துவிட்டு யன்னலடியில் போய் இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நான் பிறந்த கட்டில் உள்ளுக்குக் கிடக்கு. நான் சாகிறதும் அதிலைதான். மிலானோவிலை மூடுபனிக்குள்ளை செத்தால் கடவுளுக்கே என்னைத் தெரியாது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எங்களுக்கும் அதுதான் கதை. வீடு விற்றால் முற்றத்து அறைகளும் போகும். மச்சாள் அன்று இரவு சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. பழைய கட்டடங்களைப் பார்க்கும் அரசாங்கக் கந்தோர் கூரையைத் திருத்த உதவும். ஆனால் வீட்டைச் சனி ஞாயிறுகளில் ஊர்ச்சனம் பார்க்கத் திறந்துவிட வேண்டும். சனம் பார்க்க வருவதோ அந்தச் சிங்கக் கூடத்தைத்தான். அதைச் சோதிக்க ஒரு ஆர்க்கித்தெத்தோ வந்தார், கட்டடக்கலைஞர். மெலிந்த மனிதர், எதையும் நம்பாத கண். முழங்காலில் நின்று ஓடுகளை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, மேல்பூச்சு உதிரத் தொடங்கிவிட்டது, சந்தைத் தெருவின் மணலும் மண்ணும் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒரு வருடத்தில் சிங்கம் அழிந்துபோகும் என்றார். தரை முழுக்கத் தடித்த விரிப்புப் போட்டு மூடலாம் என்றார். சினியோராவுக்கு வந்ததே கோபம். "சனம் தரையைப் பார்க்க வருது. நான் விரிப்பையா காட்டுறது?" கடைசியில், ஒரு சனிக்கிழமை மட்டும் திறந்து பார்ப்போம், மத்தியானம் நானே வந்து நின்று பார்க்கிறேன், தரை தாங்காது என்று கண்டால் இல்லை என்று எழுதிவிடுவேன் என்று ஆர்க்கித்தெத்தோ சொல்லிப் போனார். சொன்ன விதத்திலேயே இல்லை என்றுதான் எழுதப்போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அந்தச் சனிக்கிழமைக்காகச் சினியோரா எங்களுக்குக் கறுப்புச் சட்டையும் கறுப்புச் சப்பாத்தும் எடுத்துத் தந்தார். அறைக்கு ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும் என்று மச்சாள் தன் கோயில் கூட்டத்திலிருந்து மூன்று பெண்களையும் கூட்டி வந்தார். எல்லாரும் விடிய வந்து, பழக்கதோசத்தில் மேல்மாடி வாசலில் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, கடைசியாக ஒரு தரம் தரையைத் துடைப்போம் என்று உள்ளே போனோம். துடைத்துக்கொண்டு நிற்கவே கீழே மரக்கதவு திறந்துவிட்டது. பார்க்க வந்த சனம், நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்கள். வாளியை ஒளிக்கவும் அவரவர் அறைக்கு ஓடவும்தான் நேரம் இருந்தது. சப்பாத்தை யார் நினைத்தார்கள்?

முதலில் வந்தது இத்தாலியின் வடக்கிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. நான் கூடத்து வாசலில் நின்றேன், நீளச் சட்டையின் கரைக்குள் கால்விரலை மடக்கிக்கொண்டு. அந்த மனுசி கூடத்தைப் பார்த்தார், வாசலில் இருந்த சப்பாத்து வரிசையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். புருசனின் காதில் என்னவோ சொன்னார். இரண்டு பேரும் பயபக்தியோடு குனிந்து சப்பாத்தைக் கழற்றி எங்கள் வரிசையின் தொங்கலில் வைத்தார்கள். ஐயோ, அப்படி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நானே வெறுங்காலோடு நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? அதற்குள் பின்னால் வந்தவர்கள் முன்னால் போனவர்களைப் பார்த்துக் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். மத்தியானமாகவே படிக்கட்டின் தலை மடுத் திருவிழா வாசல் மாதிரி ஆகிவிட்டது. குதிச் சப்பாத்து, ஓட்டச் சப்பாத்து, சின்னப் பிள்ளையின் மழைச் சப்பாத்து. தூர அறையிலிருந்து எட்டிப் பார்த்த மச்சாள் நெஞ்சில் சிலுவை போட்டார்.

உள்ளே சனம் காலுறையோடு சிங்கத்தைச் சுற்றி நின்றது. ஒரு விசயம் கவனித்தேன். சப்பாத்தைக் கழற்றியதும் எல்லாரும் மெல்லக் கதைத்தார்கள்.

சரியாக அப்போதுதான் சினியோரா தன் அறையிலிருந்து வந்தார், வீட்டுக்காரியாக, வந்தவர்களை வரவேற்க. பட்டுச் சட்டை, முத்துத் தோடு, குதிச் சப்பாத்து. கூடத்தைக் கண்டவர் பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு விரலை மட்டும் ஆட்டி எங்களைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"என்ன கோதாரி இது? என்ர அப்பா இந்தக் கூடத்திலை எப்பிடிப்பட்ட ஆக்களை வரவேற்றவர்! இண்டைக்கு அங்கை சனம் கடற்கரையிலை மாதிரிக் கால்விரலைக் காட்டிக்கொண்டு நிக்குது. மானம் போச்சு. போய் எல்லாரையும் சப்பாத்துப் போடச் சொல்லு. இல்லாட்டில் கதவைச் சாத்து."

நான் நகர்ந்தேன். மச்சாள் நகரவில்லை. அத்தனை வருடத்தில் சினியோராவுக்கு ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாத மனுசி, இரண்டு கையையும் சட்டையில் துடைத்துவிட்டுச் சொன்னார்: "கதவைச் சாத்தினால் நாங்கள் எங்கை போறது, சினியோரா? நீங்கள் எங்கை போவியள்?"

சினியோராவின் கண் கலங்கியதை நான் அன்றுதான் முதல்முதல் பார்த்தேன். பார்க்காத மாதிரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஆர்க்கித்தெத்தோவின் குரல்.

போனால், அந்த மனிதர் வாசலில் ஒரு காலில் சப்பாத்தோடும் ஒரு காலில் இல்லாமலும் நிற்கிறார். சுற்றி நின்ற சனம் அப்படிப் பார்த்தால் வேறென்ன செய்வது, அவரும் கழற்றத் தொடங்கியிருக்கிறார். காலுறையில் ஓட்டை. பெருவிரல் வெளியே நிற்கிறது. மச்சாள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். ஆர்க்கித்தெத்தோ கூடத்துக்குள் போனார், முழங்காலில் நின்றார், தரையைத் தடவினார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மண்ணில்லை, மணலில்லை. எழும்பி, இதை யார் ஏற்பாடு செய்தது என்று கேட்டார்.

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலே சினியோரா முன்னுக்கு வந்தார், நிமிர்ந்த முதுகோடு.

"ஒருத்தரும் ஏற்பாடு செய்யேல்லை. இது எங்கட வீட்டு வழக்கம். என்ர பூட்டன்ர காலத்திலையிருந்து இந்தக் கூடத்துக்குள்ளை ஆரும் சப்பாத்தோடை வாறேல்லை."

இப்படி ஒரு பச்சைப்பொய், அதுவும் கண் வெட்டாமல்!

"இந்த நகரத்துப் பழைய வீடுகளைப் பற்றி எவ்வளவோ படிச்சிருக்கிறன், சினியோரா" என்றார் அவர் மெதுவாக. "இப்பிடி ஒரு வழக்கம் நான் கேள்விப்படேல்லையே."

"இதுக்கு முதல் உங்களை ஆரும் இஞ்சை விருந்துக்குக் கூப்பிடேல்லையே, ஆர்க்கித்தெத்தோ."

சனத்துக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. அவரும் சிரித்தார். சிரித்தபடியே அவர் கண் கீழே போனது. சினியோராவின் கால்களுக்கு. குதிச் சப்பாத்து, மினுக்கி வைத்தபடி.

அந்தக் கால்களைச் சப்பாத்தில்லாமல் நான் ஒருநாளும் கண்டதில்லை, மச்சாளும் கண்டதில்லை. குளிக்கும் அறைக் கதவடியில் சப்பாத்து நிற்கும், கட்டிலடியில் நிற்கும், அவ்வளவுதான். மச்சாளைக்கூட காலைத் தொட விடமாட்டார். வீடு போகப் போகிறது என்று நினைத்தேன். ஒரு சோடி சப்பாத்தால் போகப் போகிறது.

"பிள்ளை, கதிரை கொண்டு வா" என்றார் சினியோரா.

கொண்டு வந்து வைத்தேன். வாசலில், அத்தனை பேருக்கும் முன்னால் இருந்தார். காலை நீட்டினார். நான் கீழே இருந்து சப்பாத்துக் கொளுவியைக் கழற்றினேன். மெல்லிய காலுறைக்குள் அவருடைய பாதங்கள் தெரிந்தன. பெருவிரல் எலும்பு புடைத்து, விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வாழ்நாள் முழுக்க ஒடுங்கிய சப்பாத்துக்குள் கிடந்து கோணிப்போன பாதங்கள். அவர் ஒளித்தது குளிருக்குப் பயந்தல்ல என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு அந்தப் பாதங்களைக் கையில் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மச்சாளின் கையைப் பிடித்து எழும்பினார்.

மெல்ல நடந்தார். சப்பாத்தில்லாமல் அவர் எவ்வளவு சின்ன மனுசி! சிங்கத்தின்மேல் போய் நின்றதும், கால்விரல்களை ஒருதரம் விரித்து மடக்கினார். மச்சாளின் காதுக்குள் என்னவோ சொன்னார். பிறகு கேட்டேன், என்ன சொன்னவ என்று. "இவ்வளவு நாளும் இதை நீயெல்லோ அனுபவிச்சிருக்கிறாய், கள்ளி" என்றாராம்.

கந்தோரிலிருந்து ஓம் என்று பதில் வந்தது. கூரை போட்டார்கள். அந்த மாரியில் மழை கொட்டும்போது நானும் மச்சாளும் வாளியோடு மேலே ஓடி, ஒழுகாத அறைகளில் விசரிகள் மாதிரி நின்றோம். சனத்துக்கு வீட்டைச் சுற்றிக் காட்ட வந்த வழிகாட்டிப் பெண் கொஞ்சக் காலத்தில் சினியோராவின் பொய்க்குக் கையும் காலும் வைத்துவிட்டாள். கொள்ளைநோய்க் காலத்தில் அந்தப் பரம்பரையின் பெண் ஒருத்தி, பெல்லெகிரினோ மலைக் குகைக் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டாளாம், அன்றிலிருந்து இந்த வழக்கமாம். சினியோரா கதவுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்து இதைக் கேட்டு, கைக்குட்டையை வாயில் வைத்துச் சிரிப்பார். "நல்ல பிள்ளை, என்னை விட நல்லாய்ப் பொய் சொல்லுறாள்" என்பார். இப்போதும் அவள் அதையே சொல்கிறாள். நான் வாசலில் நின்று சனத்தின் சப்பாத்துகளைச் சோடி பிசகாமல் அடுக்கிக்கொண்டு கேட்கிறேன். நாங்கள் அவசரத்தில் மறந்துபோன சப்பாத்து, இன்றைக்கு ஒரு மாளிகையின் சரித்திரம்.

சினியோரா போன மாரியில் போனார், தான் பிறந்த கட்டிலில். வெளியே மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. மச்சாள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார், நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசி வரைக்கும் யாருக்கோ ஏச வேண்டும் போலத்தான் முகம் இருந்தது.

சவப்பெட்டியைச் சிங்கக் கூடத்தில் வைத்தார்கள். தூரத்துச் சொந்தமெல்லாம் கறுப்பு உடுத்துக்கொண்டு வந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே, படிக்கட்டின் தலையில் நின்று ஒவ்வொருவராகச் சப்பாத்தைக் கழற்றினார்கள். பங்குச் சுவாமியும் கழற்றினார். தங்கையின் மகள் மிலானோவிலிருந்து புதுக் கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி கொண்டு வந்திருந்தாள், பெரியம்மாவுக்குப் போட்டு அனுப்ப. பெட்டியடியில் முழந்தாளிட்டு, ஒன்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். "இந்தக் கூடத்துக்குள்ளை போடுறேல்லையெல்லோ? பெரியம்மா கோவிப்பா, என்ன?"

அவள் அதை அவ்வளவு உண்மையாகக் கேட்டாள். அவள் வீட்டு வழக்கம், அவள் பூட்டன் வழக்கம். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த ஒரு சனிக்கிழமையைத் தவிர, வாழ்நாள் முழுக்கச் சப்பாத்தில்லாமல் ஒரு மனிதர் முன்னாலும் வராத மனுசி அல்லவா அவர்? போடுங்கோ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

மச்சாள் முந்திவிட்டார். அந்தப் பிள்ளையின் கையிலிருந்து சப்பாத்தை மெல்ல வாங்கி, அது வந்த கடதாசிப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். மன்னார்த் தமிழும் இத்தாலியும் கலந்து, அழுதபடியே சொன்னார்:

"வெளியிலை போற ஆக்களுக்குத்தான் சப்பாத்து, பிள்ளை. சினியோரா வீட்டிலைதானே இருக்கிறா."